குபேரன் யாருக்கு அரசன்?

கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தொப்பை வயிறு, பொன்நிற மேனி, காசு கொட்டும் கலசம், பக்கத்தில் மகாலட்சுமி. சில வீடுகளில் ஒன்பது கட்டம் போட்டு குபேரக் கோலம் இடுவார்கள். 27, 20, 25 என்று தொடங்கும் அந்தக் கட்டங்களை எப்படிக் கூட்டினாலும் 72 வரும். ஒவ்வொரு எண்ணின் மேலும் ஒரு நாணயமும் ஒரு பூவும் வைப்பது வழக்கம். பணம் வேண்டுமா, குபேரனைக் கும்பிடு. நம்மில் பெரும்பாலோருக்குக் குபேரனைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்.

பரிசுப்பொருள் கடைகளில் 'குபேர பொம்மை' என்று விற்கிறார்களே, மொட்டைத் தலையும் பெரிய சிரிப்புமாக ஒன்று, அது குபேரனே அல்ல. புதாய் என்ற சீனத்து பௌத்தத் துறவி அவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானியர்கள் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களைப் புதையல் கப்பல் ஒன்றில் ஏற்றிப் படம் வரைவார்கள். அதில் இந்தப் புதாய் 'ஹொதெய்' என்ற பெயரில் இருக்கிறார். அதே கப்பலில் கவசமும் ஈட்டியுமாக நிற்கும் 'பிஷமோன்தென்' என்பவர்தான் வைசிரவணன், அதாவது நம்முடைய குபேரன். நம் ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்தது என்னவோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்!

சரி, உண்மையான குபேரன் யார்? பழைய நூல்கள் அவனுக்குத் தரும் பட்டங்களைப் பார்த்தால் யட்சர்களின் அரசன், மறைந்து வாழும் குஹ்யகர்களின் தலைவன், நிதிகளின் அதிபதி என்றுதான் வரும். காடு, மலை, நீர்நிலை ஆகியவற்றில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்துக்கு அவன் அரசன். அந்தக் கூட்டம் காவல் காப்பது மண்ணுக்குள் கிடக்கும் செல்வத்தை. பணம் தருவது இதற்கெல்லாம் பிறகு வந்து சேர்ந்த வேலை.

யட்சர்கள்

யட்சர்களைத் தமிழில் இயக்கர் என்பார்கள். பெண்ணாக இருந்தால் இயக்கி. ஒரு மரம், ஒரு குளம், ஒரு குன்று என்று இடம் பிடித்து வாழ்பவர்கள். தேவர்களைப் போல வானத்தில் இல்லை, ஊருக்கு வெளியே, நாம் நடந்துபோகிற வழியிலேயே இருக்கிறார்கள். மரியாதையாக நடந்துகொண்டால் மழை, பிள்ளைப்பேறு, விளைச்சல் எல்லாம் தருவார்கள். இல்லையென்றால் நோய் தருவார்கள், ஆளையே அடித்தும் போடுவார்கள். நல்லவரா கெட்டவரா என்று ஒரு பக்கமாகச் சொல்ல முடியாது. காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காடும் அப்படித்தானே இருந்திருக்கும்.

சிலப்பதிகாரத்தில் ஆயர்குல மாதரியை நாம் முதலில் பார்ப்பதே ஓர் இயக்கியை ஒட்டித்தான். மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில், பூங்கண் இயக்கிக்குப் பால்மடை, அதாவது பால் படையல், கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அவள் சமணத் துறவியான கவுந்தியடிகளைக் காண்கிறாள். அதன் பிறகே கண்ணகி அவளிடம் அடைக்கலமாகிறாள். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து இசக்கியம்மனை இந்த இயக்கி மரபோடு ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்வதுண்டு. சமணத்திலும் தீர்த்தங்கரர்கள் ஒவ்வொருவருக்கும் காவலாக ஓர் இயக்கனும் இயக்கியும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் அந்தச் சமண மரபின் சிற்பங்களை இன்றும் பார்க்கலாம்.

குபேரனின் மிகப் பழைய சிற்பங்களில் ஒன்று, இந்து கோயிலில் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் பார்ஹுத் என்ற ஊரில் இருந்த பௌத்தத் தூபியின் சுற்றுவேலியில் கிடைத்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கியது, இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் பிராமி எழுத்தில் கூடவே வெட்டப்பட்டிருக்கிறது: 'குபிரோ யகோ', குபேர யட்சன். படத்தில் பார்க்கும் தொப்பையைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். மெலிந்த இளைஞன் ஒருவன் கைகூப்பி நிற்கிறான். அதே தூணின் இன்னொரு பக்கத்தில் பூத்த மரத்தைத் தழுவியபடி ஓர் இயக்கி. மரத்தின் தேவதையும் செல்வத்தின் அரசனும் ஒரே தூணில் நிற்பதில் அன்றைய சிற்பிக்கு எந்த விசித்திரமும் தெரிந்திருக்காது. அவர்கள் ஒரே குடும்பம்.

ஒளித்து வைப்பவன்

அதர்வ வேதத்தின் எட்டாம் காண்டத்தில் ஒரு பகுதி வருகிறது. விராஜ் என்ற பசு ஒவ்வொரு கூட்டத்தாரிடமும் போகிறது. அவரவர் அவரவருக்கு வாழ்வு தருவதை அதனிடம் கறந்துகொள்கிறார்கள். மனிதர்கள் உழவையும் தானியத்தையும் கறக்கிறார்கள். பாம்புகள் விஷத்தைக் கறக்கின்றன. கந்தர்வர்கள் நறுமணத்தை. பிறகு பசு 'மற்ற மக்கள்' என்று குறிக்கப்படும் ஒரு கூட்டத்திடம் போகிறது. அங்கே கன்றாக நிற்பவன் குபேர வைசிரவணன். அவர்கள் கறந்துகொள்வது என்ன தெரியுமா? மறைதல். ஒளிந்திருக்கும் ஆற்றல்தான் அவர்களுடைய பிழைப்பு.

எனக்கு குபேரன் பிடிபட்டது இந்த இடத்தில்தான். பொன் பிறகு வருகிறது, மறைவு முதலில் வருகிறது. சதபத பிராமணம் என்ற வேத நூல் இன்னும் கடுமையாகச் சொல்லும்: அவனுடைய குடிமக்கள் ராட்சதர்கள், கள்வர்கள், தீவினையாளர்கள். இருட்டில் இயங்குகிற எல்லோருக்கும் ஓர் அரசன் வேண்டுமே! அப்படி இருந்தவன் மெல்ல மெல்ல மேலே வந்தான். அர்த்தசாஸ்திரம் கோட்டை நகரத்தின் நடுவில் கட்ட வேண்டிய கோயில்களில் சிவன், திருமகள் கோயில்களோடு வைசிரவணன் கோயிலையும் சேர்க்கிறது. கோயில்களில் தீபாராதனையின்போது மந்திர புஷ்பத்தோடு 'ராஜாதிராஜாய' என்று தொடங்கும் மந்திரத்தைச் சொல்வார்கள். கவனித்துக் கேட்டால் 'வைசிரவணாய' என்று காதில் விழும். நாம் கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்கும் அந்த நேரத்தில் அரசர்க்கரசன் என்று வாழ்த்தப்படுபவன் குபேரன்.

இலங்கையை இழந்தவன்

இராமாயணத்தின் உத்தர காண்டம் குபேரனின் வரலாற்றைச் சொல்கிறது. புலஸ்திய முனிவரின் மகன் விசிரவசு, அவருடைய மகன் குபேரன். தவம் செய்து பிரம்மாவிடம் நிதிகளின் தலைமையையும் திசைக்காவலர் பதவியையும் புஷ்பக விமானத்தையும் பெறுகிறான். குடியிருக்க இடம் வேண்டும் என்று தந்தையிடம் கேட்க, ராட்சதர்கள் விட்டுவிட்டு ஓடியதால் வெறிச்சோடிக் கிடந்த இலங்கையை அவர் காட்டுகிறார்.

அதே விசிரவசுவுக்கு வேறொரு மனைவியிடம் பிறந்தவன் இராவணன். அவன் வளர்ந்து வந்து இலங்கையைக் கேட்டதும், தந்தையின் சொல்லைக் கேட்டு குபேரன் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்து வடக்கே கயிலைப் பக்கம் போய்விடுகிறான். அங்கே அவனுடைய ஊர் அளகாபுரி. அதற்குப் பிறகும் இராவணன் விடவில்லை. படையோடு அங்கேயும் போய் யட்சர்களை அடித்து, அவர்கள் தளபதி மணிபத்திரனின் மகுடம் ஒரு பக்கமாகச் சாயும்படி தாக்கி, புஷ்பக விமானத்தையும் பிடுங்கி வருகிறான். போர் முடிந்து அயோத்தி திரும்பிய இராமன் அந்த விமானத்தை உரியவனிடமே போகும்படி அனுப்பிவைக்கிறான். இராமாயணத்தைப் பலமுறை கேட்டவர்களே இந்தச் சின்ன நேர்மையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அவனுடைய மஞ்சள் கண்ணுக்கும் அங்கேயே கதை இருக்கிறது. இமயத்தில் நோன்பிருந்தபோது சிவனோடு இருந்த தேவியைக் குபேரன் பார்த்துவிடுகிறான். இடக்கண் எரிந்துபோகிறது, மற்றது பழுப்பு மஞ்சளாகிறது. சிவன் கோபப்படவில்லை, நண்பனாக ஏற்றுக்கொள்கிறார். அதனால்தான் சிவனுக்குக் 'குபேரனின் தோழன்' என்று பெயர்.

ஏன் வடக்கு? திசைக்காவலர்களில் வடக்கு அவனுக்கு. இமயம் அங்கே இருக்கிறது, மலை என்றால் உலோகமும் மணியும். மகாபாரதத்தின் சபா பருவத்தில் தருமனுக்குக் கப்பம் கொண்டுவருகிறவர்களின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. வடக்கு மலை மக்கள் எறும்புகள் தோண்டிக் குவித்த பொன்னை மரக்கால் கணக்கில் கொண்டுவந்தார்கள் என்கிறது. அது என்ன எறும்பு என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். வடக்கு மலைக்குள் பொன் கிடக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் உறுதியாக இருந்திருக்கிறது.

நிதி பிடித்த மனிதர்கள்

குபேரனின் நிதிகள் ஒன்பது: பத்மம், மகாபத்மம், சங்கம், மகரம், கச்சபம், முகுந்தம், குந்தம், நீலம், கர்வம். நூலுக்கு நூல் ஒன்றிரண்டு மாறும். இவற்றை வெறும் பெட்டகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு நிதியும் ஓர் ஆவி, அது ஆளைப் பிடித்து ஆட்டும். மார்க்கண்டேய புராணம் எட்டு நிதிகளைச் சொல்லி, எந்த நிதியின் பார்வை பட்டால் ஒருவன் எப்படி மாறுவான் என்று விவரிக்கிறது. பத்மத்தின் பார்வை பட்டவன் பொன், வெள்ளி வியாபாரம் செய்து தான தருமமும் செய்வான். மகரம் பட்டவன் ஆயுதங்களைச் சேர்த்து அரசர்களோடு உறவாடுவான். முகுந்தம் பட்டவனுக்கு வீணை, மத்தளம், பாட்டு, கூத்து. நீலம் என்றால் துணி, தானியம், குளம் வெட்டுதல், தோப்பு வைத்தல்.

கச்சபம் என்றால் ஆமை. அதன் பார்வை பட்டவன் யாரையும் நம்ப மாட்டான், தானும் தின்ன மாட்டான், பிறருக்கும் கொடுக்க மாட்டான், எல்லாவற்றையும் மண்ணில் புதைத்துவைப்பான். சங்கம் பட்டவன் இன்னொரு ரகம். நல்ல சோறும் நல்ல துணியும் அவனுக்கு மட்டும், பெண்டாட்டி பிள்ளைகள் கந்தலோடு கிடப்பார்கள். ஆளைப் படிப்பதில் புராணக்காரர் கெட்டிக்காரர். இந்த ஆமைப் பேர்வழியைத்தான் நாம் 'புதையல் காத்த பூதம்' என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

தமிழில் நிலைத்தவை சங்கநிதியும் பதுமநிதியும்தான். அவை இரண்டையும் கொடுத்து மண்ணோடு விண்ணையும் ஆளத் தந்தாலும், சிவனுக்கு அன்பரல்லாதவர் தரும் செல்வம் எனக்குப் பொருட்டல்ல என்று பாடினார் அப்பர். கோயில் வாயில்களில் சங்கும் தாமரையுமாகக் குட்டையான, குண்டான இரண்டு உருவங்களைக் கண்டால் அவை இந்த நிதிகள். இலங்கையில் அனுராதபுரம் அபயகிரி தூபியின் வாயிலிலும் இதே இருவர் நிற்கிறார்கள். காளிதாசரின் மேகதூதத்தில் நாடு கடத்தப்பட்ட யட்சன், அளகாபுரியில் தன் வீட்டுக்கு மேகத்திடம் சொல்லும் அடையாளங்களில் ஒன்று, கதவருகே தீட்டிய சங்கும் பதுமமும். அவன் நாடு கடத்தப்பட்டதும் வேறு யாராலும் அல்ல. வேலையில் கவனம் தவறியதற்காகக் குபேரன் ஓராண்டுக்குத் தண்டித்து அனுப்பினான்.

கேட்டுவிட்டுத் தோண்டு

புதையலுக்கும் யட்சர்களுக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள மகாபாரதத்தின் அசுவமேத பருவத்தைவிட நல்ல இடம் இல்லை.

போர் முடிந்தது. தருமன் அசுவமேத யாகம் செய்ய நினைக்கிறான், கருவூலத்தில் காசில்லை. போரிலேயே எல்லாம் போய்விட்டது, தகப்பனை இழந்த சிற்றரசர்களிடம் கப்பம் கேட்கவும் அவனுக்கு மனம் வரவில்லை. அப்போது வியாசர் ஒரு வழி சொல்கிறார். முன்னொரு காலத்தில் மருத்தன் என்ற அரசன் இமயத்தில் பெரிய வேள்வி செய்தான். தானமாகக் கொடுத்த பொன்னை எல்லாம் அந்தணர்களால் தூக்க முடியாமல் அங்கேயே விட்டுப் போனார்கள். அது இன்னும் கிடக்கிறது, போய் எடுத்துக்கொள்.

கிடக்கிறது என்றால் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பொருளில்லை. பாண்டவர்கள் அங்கே போனதும் நேராகக் கடப்பாரையை எடுக்கவில்லை. நாள் பார்த்து, அன்றிரவு உபவாசம் இருந்து, முதலில் சிவனுக்குப் பூசை செய்கிறார்கள். அடுத்து குபேரனுக்கும் மணிபத்திரனுக்கும் மற்ற யட்சர்களுக்கும் பூதங்களுக்கும் சோறும் இறைச்சியும் எள்ளும் படைக்கிறார்கள். நிதிகளை வணங்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் மண்வெட்டி மண்ணில் இறங்குகிறது. ஒட்டகம், குதிரை, யானை, வண்டி என்று ஏற்றியும் சுமை தாளாமல், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அத்தினாபுரம் வந்து சேர்கிறார்கள்.

உலகை வென்ற அரசன், காரணமும் நல்லது, சொன்னவர் வியாசர். அப்படி இருந்தும் காவல்காரனிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. குபேரனைக் கருவூல அதிகாரி என்று வைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும்: பணம் அவனுடையது இல்லை, ஆனால் அவன் கையெழுத்து இல்லாமல் வெளியே வராது.

இன்றைய சட்டத்திலும் இந்தப் பழைய முறையின் சாயல் இருப்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். யட்சன் இருந்த இடத்தில் கலெக்டர்.

அரசனின் கண்டிப்பு

குபேரன் தன் மக்களை எப்படி ஆண்டான் என்பதற்கு உத்தியோக பருவத்தில் ஒரு கதை இருக்கிறது. துருபதனின் மகள் சிகண்டினி சாகத் துணிந்து காட்டுக்குள் போகிறாள். அந்தக் காட்டைக் காக்கும் தூணாகர்ணன் என்ற யட்சன் இரக்கப்பட்டுத் தன் ஆண்மையைக் கொஞ்ச காலத்துக்குக் கடன் கொடுத்து அவளுடைய பெண்மையை வாங்கிக்கொள்கிறான். அந்தச் சமயம் பார்த்து குபேரன் அந்தப் பக்கம் வருகிறான். பெண் உருவில் அரசன் முன்னால் வர வெட்கப்பட்டு யட்சன் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறான். விவரம் கேட்ட குபேரன், அப்படியே இரு என்று சபித்துவிடுகிறான். மற்ற யட்சர்கள் கெஞ்சிய பிறகு, சிகண்டி இறக்கும் வரைக்கும் என்று சாபத்தைக் குறைக்கிறான். யட்சன் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் கேட்காமல் கைமாற்றிவிட்டான், அதுதான் குற்றம்.

குபேரனின் சொந்தப் பிள்ளைகளும் தப்பவில்லை. நளகூபரன், மணிக்கிரீவன் இருவரும் ஆடையில்லாமல் நீரில் விளையாடிக்கொண்டு, எதிரே வந்த நாரதரை மதிக்காமல் இருந்ததால் மருத மரங்களாகப் போனார்கள். உரலில் கட்டுண்ட கண்ணன் இழுத்துச் சாய்த்தானே இரட்டை மருதம், அது அவர்கள்தான்.

கீரி

பழைய சிற்பங்களில், குறிப்பாக பௌத்தச் சிற்பங்களில், குபேரன் கையில் ஒரு கீரி இருக்கும். அமுக்கினால் வாயிலிருந்து மணிகளைக் கக்கும். திபெத்தில் ஜம்பலன் என்ற பெயரில் வணங்கும்போதும் இந்தக் கீரி உண்டு. மண்ணுக்கடியில் உள்ள மணிகளைக் காப்பவை நாகங்கள், நாகங்களை அடக்குவது கீரி, அதனால் மணி கீரியிடம் வந்தது என்பது ஒரு விளக்கம். கீரித்தோலில் காசுப்பை தைக்கும் வழக்கம் இருந்தது, பை கீரியாக மாறிவிட்டது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படியாக இருக்கிறது.

இலங்கையில் சிங்கள மக்களிடம் குபேரன் 'வெசமுனி' என்ற பெயரில் யட்சர்களின் அரசனாகவே தொடர்கிறான். பேயோட்டும் தொவில் சடங்கில், வெசமுனியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு நோயாளியை விட்டுப் போ என்று யட்சனுக்குக் கட்டளை இடுவார்கள். பணத்துக்கும் இந்தச் சடங்குக்கும் சம்பந்தம் கிடையாது. பழைய வேலை இங்கே அப்படியே மிஞ்சியிருக்கிறது. மண்ணுக்கடிப் புதையலைக் காப்பது 'பகிரவ' என்ற குள்ளப் பூதம் என்றும் அங்கே நம்புகிறார்கள். அதற்குப் பலி கொடுத்துப் புதையல் எடுக்கிறேன் என்று தொல்லியல் இடங்களை உடைத்துப் போடும் கூட்டமும் இருக்கிறது. அது திருட்டு, வழிபாடு இல்லை.

எங்கே பார்க்கலாம்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் எண்திசை லிங்கங்களில் ஏழாவது குபேர லிங்கம். வண்டலூர் அருகே இரத்தினமங்கலத்தில் லட்சுமி குபேரர் கோயில் இருக்கிறது. டெல்லிக்குப் போனால் நாடாளுமன்ற வீதியில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலைப் பாருங்கள். இரு பக்கமும் ராம்கிங்கர் பைஜ் செதுக்கிய பெரிய யட்சனும் யட்சியும். பர்க்கம் என்ற ஊரில் கிடைத்து மதுரா அருங்காட்சியகத்தில் உள்ள பழைய யட்சன் சிலையை மாதிரியாக வைத்து அந்த யட்சனைச் செதுக்கினார். நாட்டின் பணத்துக்குக் காவல் வைக்க வேண்டும் என்றதும் யட்சன் நினைவுக்கு வந்திருக்கிறான் பாருங்கள்.

ஒரே இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் திருக்கோளூரைச் சொல்வேன். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரை நவதிருப்பதிகளில் ஒன்று. பார்வதி தேவியின் சாபத்தால் குபேரனைவிட்டு நிதிகள் விலகி இந்தப் பெருமாளிடம் வந்து அடைக்கலம் ஆயின, குபேரன் தேடிக்கொண்டு இங்கே வந்து வணங்கித் திரும்பப் பெற்றான் என்பது தலவரலாறு. பெருமாளின் பெயரே வைத்தமாநிதி. பொன் அளக்கும் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். ஒரு கையை விரித்துப் பார்ப்பதுபோல் இருப்பதற்கு ஊரில் ஒரு விளக்கம் சொல்கிறார்கள்: கையில் மை தடவி, நிதி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாராம். மதுரகவியாழ்வார் பிறந்ததும் இதே ஊர் என்பதால் வைணவர்கள் அவருக்காகவும் வருகிறார்கள்.